"வீட்டுல படிச்சுக்கோங்க" என்று தாண்டிவிடும் பாடம்: வளரிளம் பருவம் பற்றி வாசகர்கள் கேட்டவை

வளரிளம் பருவத்தினரின் உடல்நலம், பாலியல் கல்வி, வாழ்க்கைத் திறன்கள் பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பதினைந்து வயதுப் பையன் ஒருவனும் எழுதியிருக்கிறான்.

கே: அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வளரிளம் பருவம் பற்றிய பாடம் வந்தாலே கடைசி பெஞ்சில் ஒரே சிரிப்பு. போன வருஷம் "வீட்டுல படிச்சுக்கோங்க" என்று தாண்டிவிட்டேன். இந்த முறை ஒழுங்காக நடத்த ஆசை. எங்கே ஆரம்பிப்பது?
(ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்)

ப: சிரிப்பை அடக்கப் பார்க்காதீர்கள். "இதைப் பேசும்போது கூச்சம் வரும், சிரிப்பும் வரும். சிரிச்சுக்கலாம், ஆனா யாரையும் காட்டிச் சிரிக்கக் கூடாது" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பாதி சத்தம் அப்போதே அடங்கிவிடும்.

பாடத்துக்கு முந்தைய நாள் கேள்விப் பெட்டி வையுங்கள். பல பள்ளிகளில் பெட்டி ஏற்கெனவே இருக்கும், உள்ளே சீட்டுதான் இருக்காது. காரணம் எளிது. பெட்டியருகே எழுந்து போகிறவனை வகுப்பே பார்க்கிறது. அதனால் எல்லோரும் எழுத வேண்டும், ஒரே நேரத்தில், உட்கார்ந்த இடத்திலேயே. ஒரே மாதிரித் தாளைக் கால் பக்கமாகக் கிழித்துக் கொடுங்கள். எல்லோருக்கும் பென்சில். பேர் வேண்டாம். கேள்வி இல்லாதவர்கள் சும்மா இருந்தால் எழுதுகிறவர்கள் தனியாகத் தெரிந்துவிடுவார்கள். ஆகவே கரும்பலகையில் மூன்று வரி எழுதிப் போட்டு, கேள்வி இல்லாதவர்கள் அதைப் பார்த்து எழுதட்டும். நான்காக மடித்து, பெட்டியை நீங்களே வரிசை வரிசையாகக் கொண்டுபோய் வாங்குங்கள்.

பெட்டியை வகுப்பில் திறக்கக் கூடாது. இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வி வரலாம், உங்களைச் சீண்டும் கேள்வி வரலாம், கையெழுத்தைப் பக்கத்துப் பிள்ளை கண்டுபிடித்துவிடலாம். தனியே உட்கார்ந்து மூன்றாகப் பிரித்து வையுங்கள்: உடம்பைப் பற்றியவை; பழக்கம், காதல், நட்பு பற்றியவை; ஏதோ ஆபத்து தெரிகிறவை. கொச்சையான சொல் இருந்தால் அதற்காகத் திட்டாதீர்கள். பாடப்புத்தகச் சொல்லைப் போட்டுக் கேள்வியை வாசித்துப் பதில் சொல்லுங்கள். அவனுக்குத் தெரிந்த சொல் அதுவாகத்தான் இருக்கும். "உங்களுக்கு எப்படி டீச்சர்?" என்று ஒரு சீட்டு நிச்சயம் வரும். "என் சொந்த விஷயத்தை நான் சொல்ல மாட்டேன், உங்க சொந்த விஷயத்தையும் கேட்க மாட்டேன்" என்பது போதும்.

மூன்றாவது வகைச் சீட்டை வகுப்பில் வாசிக்கவே கூடாது. "சிலருக்குத் தனியாப் பேச வேண்டியிருக்கலாம். மதியம் லேப்ல இருப்பேன். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் கூப்பிடலாம், காசு கிடையாது" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள். எழுதியவருக்கு அது தனக்குத்தான் என்று புரியும். சீட்டை மட்டும் கிழித்துப் போடாமல் பத்திரமாக வையுங்கள். ஏன் என்பது பின்னால் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) பற்றிய கேள்வியில் வருகிறது.

மாதவிடாய் பற்றிய பகுதியைப் பையன்களையும் உட்கார வைத்தே நடத்துங்கள். ஒரு சின்னச் செயல்முறை: ஒரு மாதவிடாயில் மொத்தம் எவ்வளவு ரத்தம் போகும் என்று கேளுங்கள். அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று பதில் வரும். இருமல் மருந்து பாட்டிலோடு வரும் 10 மில்லி மூடியில் பீட்ரூட் சாற்றை அளந்து, மூன்று மூடி, மிஞ்சினால் நான்கு மூடி ஒரு டம்ளரில் ஊற்றிக் காட்டுங்கள். 30 முதல் 40 மில்லி, அவ்வளவுதான் சராசரி. 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம். பிறகு ஒரு நாப்கினைப் பிரித்து மேசையில் வைத்து, அதே சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். எது மேலே, எது கீழே, ஒட்டும் பக்கம் எங்கே ஒட்டும் என்பதையெல்லாம் கடைசி பெஞ்சும் எழுந்து நின்று பார்க்கும். சிரிப்பு எங்கே போனதென்று தெரியாது.

கிராம சுகாதாரச் செவிலியரை அழைப்பது நல்லது. ஆனால் பாடம் முழுவதையும் அவர் தலையில் கட்டிவிட்டு நீங்கள் வெளியே போய்விட்டால், "டீச்சருக்கே கூச்சம்" என்ற பாடத்தைத்தான் பிள்ளைகள் படிப்பார்கள்.

கே: மகளுக்கு ஒன்பதரை வயது. இடது மார்பில் சுண்டைக்காய் அளவு கட்டி, தொட்டால் வலிக்கிறது. வலது பக்கம் ஒன்றுமில்லை. பயமாக இருக்கிறது. இதையெல்லாம் அவளிடம் இப்போதே பேசலாமா?
(ஒரு தாய், தஞ்சாவூர்)

ப: அது கட்டி அல்ல, மார்பு வளரத் தொடங்குகிறது. 8 முதல் 13 வயதுக்குள் எப்போது தொடங்கினாலும் இயல்பு. ஒரு பக்கம் முதலில் வந்து, மறுபக்கம் சில மாதம் கழித்து வருவதும் சகஜம். அமுக்கிப் பார்ப்பது, எண்ணெய் போட்டு நீவுவது, பத்து போடுவது எதுவும் வேண்டாம். எட்டு வயதுக்கு முன்பே தொடங்கினால்தான் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 13 வயதாகியும் எந்த மாற்றமும் தெரியாவிட்டாலும், 15 ஆகியும் மாதவிடாய் வராவிட்டாலும் அப்படியே.

மார்பு தொடங்கி ஏறத்தாழ இரண்டு, இரண்டரை வருஷத்தில் முதல் மாதவிடாய் வரும். உங்கள் மகளுக்கு அது ஆறாம், ஏழாம் வகுப்பில் வரலாம். பேச இப்போதுதான் நேரம். விஷயம் தெரியாத பிள்ளை பள்ளிக் கழிப்பறையில் ரத்தத்தைப் பார்த்தால் அடிபட்டுவிட்டது, பெரிய நோய் வந்துவிட்டது என்றுதான் நினைக்கும். ஒரே நாளில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. கடையில் நாப்கின் வாங்கும்போது பத்து வாக்கியம், இன்னொரு நாள் இன்னும் பத்து. அவள் பையில் ஒரு சின்னப் பர்ஸ் இருக்கட்டும்: நாப்கின் 2, உள்ளாடை 1, பழைய செய்தித்தாள், ஒரு கவர்.

நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், நனையாவிட்டாலும்கூட. ஒரு நாளைக்கு 4, ஐந்து நாளுக்கு 20 என்று கணக்கு வையுங்கள். அரசு இலவசமாக நாப்கின் தரும் புதுயுகம் திட்டத்தில் பள்ளியில் கிடைப்பது போக மீதியை வாங்கி வைக்க வேண்டும். துணி வைப்பதும் தப்பில்லை. சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயவைக்க வேண்டும், கொடியில் புடவைக்கு அடியில் ஒளித்துக் காயப்போட்டால் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். முதல் இரண்டு வருஷம் 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும். அதற்குப் பயப்பட வேண்டாம். மணிக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைவது, ஏழு நாளைத் தாண்டுவது, வலியால் பள்ளிக்கே போக முடியாதது, இவற்றுக்கு மருத்துவரைப் பாருங்கள்.

கே: பேத்தி வயசுக்கு வந்திருக்கிறாள். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கிறோம். மருமகள் வேண்டாம் என்கிறாள்.
(ஒரு பாட்டி, விருதுநகர்)

ப: உளுந்தங்களி தாராளமாகக் கொடுங்கள், நல்ல சாப்பாடு. முட்டையை வேகவைத்துக் கொடுங்கள் பாட்டி. பச்சை முட்டையில் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம், அதிலுள்ள புரதமும் வேகவைத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். மருமகள் சொல்வது சரி. நல்லெண்ணெயைக் களியில் ஊற்றும் அளவோடு நிறுத்துங்கள். சடங்கு செய்வது உங்கள் குடும்பத்தின் விருப்பம், ஆனால் பேத்தியையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு பிளெக்ஸ் அடியுங்கள். தெருமுனையில் தன் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவள் மறுநாள் பள்ளிக்குப் போக வேண்டும்.

கே: பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறார்கள். வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பிள்ளைகள் ஜன்னல் வழியே எறிகிறார்கள்.
(பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர், தருமபுரி)

ப: அது இரும்புச் சத்து மாத்திரை. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளது. உடம்பில் சேராத இரும்பு வெளியேறுவதால் மலம் கறுக்கிறது, அதனால் கெடுதல் இல்லை. இதை மாத்திரை கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் பாதிப் பிள்ளைகள் எறிய மாட்டார்கள். குமட்டலுக்குக் காரணம் பெரும்பாலும் வெறும் வயிறு. காலை பிரேயரில் கொடுக்காமல் மதியச் சாப்பாடு முடிந்த பிறகு, தண்ணீரோடு முழுங்கச் சொல்லுங்கள். கடிக்கக் கூடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது, இரும்பைச் சேரவிடாது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை சேர்ந்தால் நல்லது.

இது தடுப்புக்கான அளவு என்பதை மறக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே உள்ள பெண்ணுக்கு வாரம் ஒன்று போதாது, தினமும் மாத்திரை வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் குடற்புழு மாத்திரையான அல்பெண்டசோல் 400 மில்லிகிராமைத் தவறவிட்டால், கொக்கிப்புழு ஒரு பக்கம் ரத்தத்தை உறிஞ்ச, நீங்கள் மறுபக்கம் இரும்பை ஊற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

கே: எனக்கு 15 வயது. தூக்கத்தில் விந்து வெளியேறுகிறது. சுய இன்பப் பழக்கமும் உண்டு. ஒரு துளி விந்து பல துளி ரத்தத்துக்குச் சமம், நரம்புத் தளர்ச்சி வரும் என்று விளம்பரத்தில் பார்த்தேன். லாட்ஜில் வைத்தியர் வருகிறாராம். போகலாமா?
(பெயர் வேண்டாம்)

ப: போக வேண்டாம், தம்பி. உனக்கு நோயே இல்லை.

விந்து ரத்தத்திலிருந்து காய்ச்சி எடுப்பதல்ல. அதில் பெரும்பகுதி விந்துப் பையும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர். உயிரணுக்கள் நூற்றில் ஐந்து பங்குகூட இருக்காது. ஒருமுறை வெளிவருவது ஒரு டீஸ்பூனுக்குள் அடங்கும். விதைகள் ராத்திரி பகலாக உயிரணுக்களைத் தயாரித்துக்கொண்டே இருக்கின்றன. வெளியேறாதவை உடம்பிலேயே கரைந்துவிடும். தூக்கத்தில் வெளியேறுவது பருவம் வந்ததன் அடையாளம், வராமலிருந்தாலும் தப்பில்லை. சுய இன்பத்தால் நரம்பு தளராது, கண் குழியாது, உறுப்பு சிறுக்காது, பின்னால் குழந்தை பிறப்பதும் தடைப்படாது. படிப்பு, தூக்கம், விளையாட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தால் மட்டும் யாரிடமாவது பேச வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

களைப்பு, முதுகுவலி, ஞாபகக் குறைவு என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, பரீட்சை நேரத்தில் யாருக்குத்தான் அவை இல்லை? பயத்தைக் கிளப்பிவிட்டு லேகியம் விற்பதுதான் வியாபாரம். பாலியல் சக்தியைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது. ஆனாலும் பஸ் ஸ்டாண்ட் சுவர்களில் போஸ்டர் குறையவில்லை.

இதோடு நீ கேட்காத இரண்டு விஷயம். குளிக்கும்போது முன்தோலை மெதுவாகப் பின்னே தள்ளி வெறும் தண்ணீரில் கழுவு. கழுவியதும் தோலை முன்னே கொண்டுவந்துவிடு. பின்னாலேயே மாட்டி வீங்கினால் உடனே ஆஸ்பத்திரி.

இரண்டாவது, ஒரு பக்க விதையில் திடீரென்று கடுமையான வலி, கூடவே வாந்தி. விதை முறுக்கிக்கொண்டால் இப்படி வரும். 12 முதல் 18 வயதில் அதிகம், தூங்கும்போதுகூட வரும். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றலாம், நேரம் போகப் போக அழுகிவிடும். பையன்கள் கூச்சப்பட்டு "வயிறு வலிக்குது" என்று சொல்வார்கள், அம்மா ஓம வாட்டர் கொடுப்பார், பொழுது விடிந்துவிடும். எங்கே வலிக்கிறதோ அந்த இடத்தின் பேரைச் சொல். நள்ளிரவானாலும் 108-ஐக் கூப்பிடு.

கே: 13 வயது மகனுக்கு மார்பு வீங்கியிருக்கிறது. சட்டையைக் கழற்றவே மாட்டேன் என்கிறான்.
(ஒரு தந்தை, ஈரோடு)

ப: ஏறக்குறைய பாதிப் பையன்களுக்கு இந்த வயதில் கொஞ்சமாவது வரும். ஆறு மாதம் முதல் இரண்டு வருஷத்தில் தானாகவே வடிந்துவிடும். அமுக்காதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். இரண்டு வருஷம் தாண்டினாலோ, காம்பில் நீர் கசிந்தாலோ காட்டுங்கள். அதுவரை வீட்டில் யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியமாகச் சித்தப்பாக்கள்.

கே: ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, உறவினர் ஒருவர் தன்னிடம் தவறாக நடப்பதாக என்னிடம் அழுதாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்" என்கிறாள். தாயும் "குடும்ப மானம்" என்கிறார். என்ன செய்வது?
(ஆசிரியை, சேலம் மாவட்டம்)

ப: "சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் இன்றே அவளிடம் பேசி மாற்றுங்கள்: "உன்னைப் பாதுகாக்கறவங்ககிட்ட மட்டும் சொல்லியாகணும். வகுப்புல ஒருத்தருக்கும் தெரியாது."

2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, 18 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இப்படி நடப்பது தெரிந்த யாரும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தாயின் சம்மதம் தேவையில்லை, நிரூபணமும் உங்கள் வேலையல்ல. தெரிவிக்காவிட்டால் 6 மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவர் தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருஷம் வரை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்குப் போட முடியாது. 1098-இல் தொடங்கலாம், ஆனால் காவல் நிலையத்துக்கும் தகவல் போய்விட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அவள் பேசும்போது குறுக்கே கேட்காதீர்கள். "ஏன் அப்பவே சொல்லல?", "நீ ஏன் அங்க போன?" என்ற இரண்டும் அவள் வாயை அடைத்துவிடும். "அவர் இப்படிச் செய்தாரா?" என்று நீங்கள் எடுத்துக் கொடுத்தால் பிறகு நீதிமன்றத்தில் சொல்லிக்கொடுத்த சாட்சி என்பார்கள். "அப்புறம்?" போதும். "நீ சொன்னது நல்லது, தப்பு உன்மேல இல்ல" என்று சொல்லுங்கள். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே, தேதி, நேரம் போட்டு அன்றைக்கே எழுதுங்கள். கேள்விப் பெட்டியில் வந்த சீட்டு இருந்தால் அதுவும் இதேபோல் சாட்சிதான், பத்திரமாக இருக்கட்டும். தலைமை ஆசிரியர் ஒருமுறை, ஆலோசகர் ஒருமுறை, நிர்வாகம் ஒருமுறை என்று திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். அந்த உறவினரைக் கூப்பிட்டு விசாரிப்பது எல்லாவற்றிலும் மோசமான காரியம். சாட்சியும் கலையும், வீட்டில் அவளுக்கு மிரட்டலும் வரும்.

சம்பவம் கடந்த சில நாளில் என்றால் அன்றே அரசு மருத்துவமனை. வழக்குப் பதிவாகும்வரை காத்திருக்க வேண்டாம், எஃப்.ஐ.ஆர். கேட்டு மருத்துவமனை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக்கில் வியர்த்துத் தடயம் கெடும். பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் காவல் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து வாங்க வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. இதையெல்லாம் தாயிடம் விளக்குங்கள். "ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்" என்ற பயம்தான் பல வீடுகளில் மானம் என்ற பேரில் வெளியே வருகிறது.

கே: இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா?
(வாசகர், கும்பகோணம்)

ப: பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி, பாலியல் கல்வியால் பாலுறவு கூடுவதில்லை என்கிறது. நீங்கள் சொல்லாவிட்டால் செல்போன் சொல்லிக்கொடுக்கிறது. அதன் பாடத்திட்டம் உங்களுக்குப் பிடிக்காது.

கே: 16 வயது மகளின் படத்தை வைத்து இன்ஸ்டாகிராமில் ஒருவன் பணம் கேட்டு மிரட்டுகிறான். போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?
(ஒரு தந்தை, சென்னை)

ப: எதையும் அழிக்காதீர்கள். பணமும் கொடுக்காதீர்கள், ஒருமுறை கொடுத்தவரிடம்தான் மறுபடி கேட்பார்கள். அவனுடைய கணக்குப் பெயர், மிரட்டல் செய்திகள், அனுப்பச் சொன்ன யுபிஐ ஐடி, தேதி எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆனால் மகளின் அந்தப் படத்தை எடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ வேண்டாம், உதவி கேட்டுக்கூட. எடுத்த பிறகு அவனை பிளாக் செய்யலாம். தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு, பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களின் படங்களுக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது, அதன் அடையாள எண் மட்டும் போகும். அதை வைத்து, சேவையில் சேர்ந்துள்ள தளங்கள் படத்தைத் தடுக்கும்.

போனைப் பிடுங்குவதை யோசித்துச் செய்யுங்கள். உங்களிடம் சொன்னதற்குக் கிடைத்த பலன் அது என்று அவள் எடுத்துக்கொண்டால் அடுத்த முறை வர மாட்டாள். இரண்டு நாள் ராத்திரி அவளைத் தனியாகப் படுக்கவிடாதீர்கள்.

கே: ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் கூல் லிப் (உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலம்) வைக்கிறார்கள். "வேண்டாம்னு சொல்லு" என்று அறிவுரை சொல்லி அலுத்துவிட்டேன்.
(உடற்கல்வி ஆசிரியர், மதுரை மாவட்டம்)

ப: அறிவுரையால் வராது, கபடியைப் போல உடம்பைப் போட்டுப் பழக வேண்டும். மூன்று பேர் நிற்கட்டும்: ஒருவன் கொடுக்கிறவன், ஒருவன் மறுக்கிறவன், ஒருவன் பார்க்கிறவன். ஒரு சுற்று இரண்டு நிமிடம், பிறகு இடம் மாற வேண்டும். கொடுக்கிறவன் நிஜத்தில் சொல்வதையே சொல்லட்டும்: "ஒரு வாட்டிதான்டா", "பயந்தாங்கொள்ளி", "அப்ப எங்ககூட வராத". முதல் வசனத்துக்கு எல்லோரும் மறுத்துவிடுவார்கள், மூன்றாவதில்தான் தடுமாறுவார்கள். ஆகவே மூன்று முறை வற்புறுத்த வேண்டும் என்பது விதி. மறுக்கிறவன் நீளமாகக் காரணம் சொன்னால் தோற்றான், ஒவ்வொரு காரணத்துக்கும் பதில் கிளம்பும். "வேணாம்டா, எனக்குப் பிடிக்கல" என்று அதே வாக்கியத்தை அதே குரலில் திரும்பச் சொல்லிவிட்டு, "கிரவுண்டுக்குப் போறேன், வர்றியா?" என்று நகர்ந்துவிட வேண்டும். பார்க்கிறவன் கண், கால் எங்கே போகிறது என்று கவனித்துச் சொல்லட்டும். வாய் வேண்டாம் என்று சொல்ல, கால் அங்கேயே நிற்பதுதான் வழக்கமாகக் கோட்டைவிடும் இடம்.

ஏற்கெனவே பழகிவிட்ட பையனை இந்த வரிசையில் நிறுத்தி வைக்காதீர்கள், அவனுக்கு நிகோடின் பிடித்திருக்கிறது. நிறுத்திய முதல் வாரம் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும் என்று முன்கூட்டியே சொல்லி, மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். வாய் முழுதாகத் திறக்கவில்லை, காரம் பட்டால் எரிகிறது, உதட்டின் உள்ளே வெள்ளைத் திட்டு இருக்கிறது என்றால் பல் மருத்துவரை அதே வாரம் பாருங்கள்.